மாதவிடாய்க் கப் போட்டுக்கொண்டு நீந்துவது எப்படி: முதலில் வீட்டில், அப்புறம் தண்ணீரில்

எங்கள் நீச்சல் குளத்தில் லேடீஸ் பேட்ச் காலை 6.30 மணிக்குத் தொடங்கும். கோவையில் மார்கழி மாதம் அந்த நேரத்துக்குத் தண்ணீரில் கால் வைத்தாலே பல் கிட்டிக்கொள்ளும். அப்படியும் 14 பேர் வருவோம். ஆனால் 14 பேரும் ஒன்றாக இறங்கிய நாள் என்று எதுவும் எனக்கு நினைவில்லை. யாராவது இரண்டு பேர் சுடிதாரோடு படியில் உட்கார்ந்து மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நானும் முதல் ஒன்றரை வருஷம் மாதத்துக்கு 5 நாள் அந்தப் படியில் உட்கார்ந்தவள். கட்டிய பணம் போகிறதே என்பதைவிட, மூச்சு போகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். 5 நாள் விட்டுவிட்டு 6ஆம் நாள் இறங்கினால் 25 மீட்டர் போய்த் தொடுவதற்குள் இளைக்கும். மறுபடி பழகி நன்றாக நீந்தத் தொடங்கும்போது அடுத்த மாதம் வந்துவிடும்.

எனக்கு நீச்சல் வந்தது கோபி பக்கம், அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். அப்போது 7 வயது. 13 வயதில் பெரியவளானதும் அந்த 3 நாள் மட்டும் கிணற்றுப் பக்கம் போகாதே என்றார்கள். அப்புறம் எந்த நாளும் போக வேண்டாம் என்றாகிவிட்டது. 36 வயதில், குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, குளத்தில் சேர்ந்து மறுபடி நீந்தினேன். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்ததை மாதம் 5 நாள் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இப்போது 4 வருஷமாக மாதவிடாய்க் கப் (ரத்தத்தை உள்ளேயே ஏந்திக்கொள்ளும் சின்னக் கிண்ணம்) போட்டுக்கொண்டு எல்லா நாளும் நீந்துகிறேன். எங்கள் பேட்சில் 9 பேருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அதனால் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கப் வாங்கிய மாதமே குளத்தில் இறங்காதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது, வியாழக்கிழமை எனக்கு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை கப்போடு தண்ணீரில் இருந்தேன். தண்ணீருக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஏணிப்படியில் ஏறும்போது இடது தொடையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு முழங்கால்வரை இறங்கியது. பின்னால் வந்த அக்கா ஒருவர் சட்டென்று தன் துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, நேரா பாத்ரூமுக்குப் போ" என்றார். போய்ப் பார்த்தால், உள்ளே கப் விரியவே இல்லை. ஒரு பக்கம் வெற்றிலை மடித்தது மாதிரி மடிந்தபடியே இருந்தது. விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்கு அன்று தெரியாது.

நீச்சலுக்கென்று கப்பில் தனி வித்தை கிடையாது. வீட்டில் ஒழுங்காக அமர்ந்த கப் தண்ணீரிலும் அமர்ந்திருக்கும். வீட்டில் கசிகிற கப் தண்ணீரிலும் கசியும். ஆகவே இரண்டு, மூன்று மாதம் வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பழகிவிட்டு அப்புறம் குளத்துக்குப் போங்கள். 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. கப்பில் கசிவு மற்றவற்றுக்குச் சமம் அல்லது குறைவு என்றும், ஆனால் கை பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்றும் அதில் இருக்கிறது. என் அனுபவமும் அதேதான். எனக்கு மூன்றாவது மாதம் கைவந்தது. பேட்சில் ஒருவருக்கு முதல் நாளே வந்துவிட்டது, இன்னொருவருக்கு ஐந்து மாதம் ஆனது.

கப் எப்படி நிற்கிறது

கப் எதையும் உறிஞ்சுவதில்லை, ஏந்திக்கொள்கிறது. மணி வடிவத்தில் இருக்கும் சிலிகான் கிண்ணம், யோனிக்குள் விரிந்ததும் அதன் விளிம்பு சுற்றிலும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள தசைகளும் பிடித்துக்கொள்ளும். விளிம்புக்குக் கீழே ஊசியால் குத்தியது மாதிரி சில சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே காற்று சரியாகி விளிம்பு நன்றாகப் பிடிக்க உதவுவது அவைதான். விளிம்பு சுற்றிலும் ஒட்டியிருந்தால் ரத்தம் வெளியே வராது, குளத்துத் தண்ணீரும் உள்ளே சேராது.

பேட் வைத்துக்கொண்டு இறங்குவது சரிப்படாது. குளத்துத் தண்ணீரையே குடித்து ஊதிவிடும், பசையும் விட்டுவிடும். டாம்பான் (உள்ளே வைக்கும் பஞ்சுத் திரி) வைத்து நீந்தலாம், தப்பில்லை. ஆனால் அதன் நூல் வழியாகத் தண்ணீர் ஏறும், வெளியே வந்ததும் மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் எப்போதாவதுதான் இருக்கும்.

"தண்ணீரில் இறங்கினால் தானாக நின்றுவிடும், ஒன்றுமே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். நிற்காது. வெளியிலிருந்து தண்ணீர் அழுத்துவதால் வருவது குறையும், அவ்வளவுதான். இருமினாலோ, சிரித்தாலோ, கரையேறினாலோ வந்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீனாவின் ஃபூ யுவான்ஹுய் 4x100 மீட்டர் மெட்லி ரிலே முடிந்ததும், முந்தைய நாள்தான் பீரியட்ஸ் வந்தது, அதனால் களைப்பாக இருந்தது என்று டிவி கேமரா முன்னால் சாதாரணமாகச் சொன்னார். அதற்கே ஊரெல்லாம் ஆச்சரியம், அந்த நாளில் எப்படித் தண்ணீரில் இறங்க முடியும் என்று. ஒலிம்பிக் வீராங்கனைக்கே அந்தக் கேள்வி வந்ததென்றால் நம் பேட்சில் வராதா?

எதை வாங்குவது

கடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று இருக்கும். குழந்தை பெறாதவர்களுக்குச் சின்னது, பெற்றவர்களுக்குப் பெரியது என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் கருப்பை வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். மாதவிடாய் நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குந்த உட்கார்ந்து நடுவிரலை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். மூக்கு நுனி மாதிரி, நடுவில் சின்னக் குழியோடு ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பை வாய். முதல் விரற்கணுவிலேயே தட்டுப்பட்டால் குட்டையான கப் வாங்குங்கள். விரல் முழுக்கப் போயும் எட்டவில்லை என்றால் நீளமானது பார்க்கலாம். எனக்கு இரண்டாவது கணுவில் இருக்கிறது. இரண்டு பிரசவம் ஆகியும் நடுத்தர அளவுதான் எனக்குச் சரியாக இருக்கிறது.

நீந்துகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மிக மெத்தென்ற கப் வேண்டாம். தவளை நீச்சல் அடிக்கும்போது காலை மடக்கி உதைக்கிறோம் இல்லையா, அப்போது இடுப்புத்தளத் தசை நன்றாக இறுகும். மெத்தென்ற கப் அதில் நசுங்கி ஒரு ஓரம் விட்டுவிடும். கொஞ்சம் விறைப்பானது அப்படி நசுங்காது. ரொம்ப விறைப்பானதும் சிலருக்குச் சிறுநீர்ப்பையை அழுத்தும், அடிக்கடி போகணும் போல இருக்கும். அப்படி இருந்தால் நடுவாந்தரமாக ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத் தரமான சிலிகான் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இயற்கை ரப்பரில் செய்ததும் உண்டு, பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் அரிப்பு வருகிறவர்கள் அதைத் தொட வேண்டாம். கொள்ளளவு பெரும்பாலும் 15 முதல் 30 மில்லி வரை இருக்கும். ஒரு மாதவிடாய் முழுவதுக்கும் சேர்த்துச் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான் ரத்தம் போகிறது என்று தெரிந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பேடில் பார்த்தால் ஒரு குடம் போனது மாதிரி இருக்கும். ஒரு மணி நேர நீச்சலுக்குக் கொள்ளளவு ஒரு பிரச்சினையே இல்லை. 80 மில்லிக்கு மேல் போகிறது என்றால் அது அதிகப் போக்கு, டாக்டரிடம் காட்ட வேண்டியது. கப்பில் கோடு போட்டிருப்பதால் இதைக் கண்ணால் அளந்து சொல்ல முடிகிறது, அது எனக்குப் பிடித்த விஷயம்.

வீட்டில் பழகுவது

ஒவ்வொரு மாதமும் தொடங்கும்போது கப்பைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். எவர்சில்வரில் சின்னச் சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், வீட்டில் பேச்சு வராது. கப் முழுக மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, கொதி வந்த பிறகு 5 நிமிடம். அடியில் ஒட்டாமல் கரண்டியால் புரட்டிவிடுங்கள். அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. என் முதல் கப் தண்ணீர் வற்றிச் சட்டியோடு கருகிப் போனது. அன்றிலிருந்து 5 நிமிடமும் பக்கத்திலேயே நிற்கிறேன்.

பழகுவதற்கு நல்ல நேரம் வெந்நீரில் குளித்த பிறகு, அவசரம் இல்லாத நாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மாதவிடாய் இல்லாத நாளில் பழகிப் பார்க்கலாம் என்று தோன்றும், ஆனால் அப்போது உள்ளே உலர்ந்திருக்கும், வலிக்கும். வந்த நாளிலேயே பழகுவது சுலபம்.

மடிப்பில் பல வகை உண்டு. இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, கப்பைத் தட்டையாக நசுக்கி, தோசையை மடிக்கிற மாதிரி இரண்டாக மடிப்பது. இது எல்லோருக்கும் வரும், ஆனால் முனை கொஞ்சம் தடிமனாக இருக்கும். இன்னொன்று, விளிம்பின் ஒரு பக்கத்தை ஆள்காட்டி விரலால் கப்பின் அடிவரை உள்ளே அழுத்திவிட்டு, பக்கவாட்டில் சேர்த்துப் பிடிப்பது. முனை மல்லிகை மொட்டு மாதிரி ஒடுங்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் நல்லது. விளிம்பைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிப் போகும். எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம்.

குந்தி உட்காருங்கள், அல்லது ஒரு காலைக் கவிழ்த்த பக்கெட் மேல் வையுங்கள். இப்போது கவனியுங்கள். கப்பை நேராக மேலே தள்ளாதீர்கள், உள்வழி அப்படி இல்லை. முதுகுத்தண்டின் அடிப்பக்கம் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துச் சாய்வாகத் தள்ளுங்கள். பேட்சில் "போகவே மாட்டேங்குது" என்று சொன்ன எல்லோருமே மேல்நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே தள்ளுங்கள். உள்ளே போனதும் மடிப்பை விட்டால் "பொக்" என்று விரிவது விரலுக்குத் தெரியும். சில சமயம் சத்தமும் கேட்கும்.

அந்தச் சத்தத்தை நம்பி எழுந்துவிடாதீர்கள். நான் அன்று தப்பவிட்டது இந்த இடத்தைத்தான். ஒரு விரலைக் கப்பின் அடிப்பாகத்தைச் சுற்றி முழு வட்டமாகத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் உருண்டையாக, எங்கேயும் பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். பள்ளம் தட்டுப்பட்டால் அடியைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுத் திருகுங்கள், அல்லது பள்ளம் இருக்கும் பக்கத்து யோனிச் சுவரை விரலால் ஒதுக்கி இடம் கொடுங்கள், விரிந்துவிடும். அப்புறம் கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் சரியாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக இரண்டு முறை நன்றாக இருமுங்கள். அப்படியே நிற்க வேண்டும்.

காம்பு வெளியே தட்டுப்பட்டுக் குத்தினால் வெட்டிக்கொள்ளலாம். கப்பை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு நூல் அளவு மட்டும் வெட்டுங்கள். நீச்சலுடை உடம்போடு ஒட்டுவதால் காம்பு குத்துவது சேலையில் தெரியாது, குளத்தில்தான் தெரியும்.

எடுப்பது

போடுவதைவிட எடுக்கத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் தங்கை மகள், 17 வயது, மாவட்ட அளவில் நீந்துகிறவள். "பெரியம்மா, உள்ளே போய்த் தொலைஞ்சுட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். தொலையாது. யோனி ஒரு பக்கம் மூடிய பை மாதிரி. மேலே கருப்பை வாயில் ஒரு நூலிழைத் துவாரம்தான் இருக்கிறது, கப் அதைத் தாண்டி எங்கேயும் போக முடியாது.

எனக்கு முதல் தடவை 40 நிமிடம் ஆனது. பயத்தில் தசை இறுகிவிடும், இறுகினால் கப் இன்னும் மேலே ஏறும். அப்படி ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். தானாகக் கீழே இறங்கும்.

கையைக் கழுவிக் குந்த உட்காருங்கள். இந்த விஷயத்தில் நம் ஊர் இந்தியன் டாய்லெட்டுக்கு ஈடே இல்லை. அந்த உட்காரலிலேயே கப் ஒரு விரற்கடை கீழே வந்துவிடும். மலம் கழிக்க முக்குவது போல மெதுவாக முக்குங்கள். கப்பின் அடிப்பாகம் விரலுக்குக் கிடைக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடியைக் கிள்ளிப் பிடித்தால் பிடிப்பு விடும், காற்று போகும். அதற்கு அப்புறம்தான் இழுக்க வேண்டும். இடம், வலம் என்று லேசாக அசைத்துக்கொண்டே இறக்குங்கள். வெறும் காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிடிப்பு விடாமல் இழுத்தால் உள்ளே சுண்டி வலிக்கும், தினமும் அப்படிச் செய்தால் கருப்பையையும் தசைகளையும் கீழே இழுக்கும் ஆபத்து இருக்கிறது.

கொட்டிவிட்டுக் குடிக்கிற தண்ணீரில் அலசி, மணம் இல்லாத சாதாரணச் சோப்பில் கழுவி, மறுபடி போடலாம். கப்பில் தண்ணீரை நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும், அடைப்பு போய்விடும். ஓட்டை அடைத்திருந்தால் விளிம்பு சரியாகப் பிடிக்காது. டெட்டால், வினிகர், வாசனை சோப் எதுவும் வேண்டாம்.

குளத்துக்குப் போகும் நாள்

மூன்று மாதம் வீட்டில் கசியாமல் பழகிவிட்டீர்கள். சரி, இப்போது குளம்.

நான் காலை 5.45க்குக் கப்பை எடுத்துக் கொட்டிக் கழுவிப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். குளத்தில் இறங்குவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் போட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு. சரியாக அமரவில்லை என்றால் அந்த அரை மணியில் தெரிந்துவிடும். குளத்து பாத்ரூமில் அவசரமாகப் போட்டுக்கொண்டு இறங்கிய இரண்டு தடவையும் எனக்குச் சரியாக அமரவில்லை.

போட்ட பிறகு, கப்புக்குக் கீழே உள்ள வழியை விரலால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. போடும்போது சுவரில் ஒட்டிய ரத்தம் அங்கேயே இருக்கும். தண்ணீரில் அது கரைந்து வெளியே வந்து, கப் கசிகிறது என்று பயமுறுத்தும். பேட்சில் மூன்று பேர் கப் சரியில்லை என்று வேறு வாங்கத் தயாரானார்கள். மூன்று பேருக்கும் பிரச்சினை இதுதான்.

சிறுநீர் கழித்துவிட்டு இறங்குங்கள், கப் இருக்கும்போதே கழிக்கலாம். முதல் இரண்டு தடவைக்குக் கறுப்போ கருநீலமோ, தொடைவரை வரும் நீச்சலுடை போட்டுக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். மனசு நிம்மதியாக இருந்தால்தான் தசை தளர்ந்திருக்கும், கப்பும் இருந்த இடத்தில் இருக்கும்.

இறங்கியதும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாலைந்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். அப்புறம் ஃப்ரீஸ்டைலில் இரண்டு நீளம். ஏறிப் போய்ப் பாத்ரூமில் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் தவளை நீச்சல், பட்டர்ஃப்ளை, குதிப்பது எல்லாம் செய்யலாம். குதித்தால் கப் விழுந்துவிடுமா என்று கேட்பார்கள். சரியாக ஒட்டியிருக்கும் கப் குதித்தால் விழாது. பல்டி அடித்துத் திரும்பினாலும் தலைகீழாகக் கொட்டாது, விளிம்புதான் சுற்றிலும் மூடியிருக்கிறதே.

கரையேறியதும் கொஞ்சம் தண்ணீர் தொடையில் வழியும். அது கப்புக்குக் கீழே தேங்கிய குளத்துத் தண்ணீர். தெளிவாக இருந்தால் கவலை வேண்டாம். குளோரின் சிலிகானை ஒன்றும் செய்யாது. குளித்துவிட்டு, நேரம் இருந்தால் வீட்டுக்கு வந்து எடுத்தால் போதும், குளத்திலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் பையில் ஒரு பாட்டில் குடிநீர், ஒரு பேட், கறுப்புத் துண்டு ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். அந்த அக்கா எனக்குச் சுற்றிவிட்ட மாதிரி நானும் இதுவரை இரண்டு பேருக்குத் துண்டு சுற்றிவிட்டிருக்கிறேன்.

முன்பு நான் போன ஒரு குளத்தில், மாதவிடாய் நாட்களில் பெண்கள் இறங்கக் கூடாது என்று சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். கப் போட்டு இறங்குகிறவளால் தண்ணீருக்கு ஒரு கேடும் இல்லை. குளோரின் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் குளத்துக்காரர்கள் வேலை.

யார் பொறுக்க வேண்டும்

12 மணி நேரத்துக்கு மேல் கப்பை உள்ளே விடக் கூடாது. நீந்திய அசதியில் தூங்கிப் போய் மறந்துவிடாதீர்கள், போனில் அலாரம் வையுங்கள். டாக்சிக் ஷாக் சிண்ட்ரோம் என்று ஒரு கிருமி நோய் இருக்கிறது. மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. கப் போட்டிருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், வெயிலில் சிவந்தது மாதிரி தோலில் தடிப்பு வந்தால் கப்பை எடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கப் போட்டிருந்ததையும் அங்கே சொல்லுங்கள்.

காப்பர்-டி போட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் கப் போடாதீர்கள். பிடிப்பை விடாமல் இழுத்தால் காப்பர்-டியும் சேர்ந்து நகர்ந்துவிடக்கூடும். பிரசவம், கருக்கலைப்பு ஆனவர்கள் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். கருப்பை இறக்கம் உள்ளவர்கள், வெள்ளைப்படுதலோடு அரிப்பு, நாற்றம் இருக்கிறவர்களும் அப்படித்தான்.

கல்யாணம் ஆகாத பெண்கள் போடலாமா என்பது அம்மாக்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி. போடலாம். கன்னிச்சவ்வு என்பது வாயை மூடிய தோல் அல்ல, ஓரத்தில் வளையமாக இருப்பது. விளையாட்டில், சைக்கிளில்கூட அது நெகிழும். அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. என் தங்கை அரை நாள் யோசித்தாள், அப்புறம் மகளிடமே விட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை மிகச் சின்ன அளவில் ஆரம்பித்து நாலு மாதம் எடுத்துக்கொண்டது. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடு என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் என்கிற பெண்ணை யாரும் வற்புறுத்தக் கூடாது, வயிற்றுவலியோடு கரையில் உட்கார விரும்பினால் அதுவும் சரிதான். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் 5,000 கப்களை இலவசமாகவே கொடுத்தது. நம் ஊரிலும் அப்படிக் கொடுத்தால் இந்தத் தனிக் கூப்பிடல்கள் குறையும் என்று நினைக்கிறேன்.

குளம் அல்லாத இடங்கள்

கடலிலும் இதே முறைதான். மணல் ஒட்டிய கையோடு மட்டும் கப்பைத் தொட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில், ஆற்றுத் தண்ணீரில், கிணற்றுத் தண்ணீரில் கப்பை அலசிப் போடக் கூடாது. அந்த மாதிரி இடங்களில் பாத்ரூமும் இருக்காது, ஆகவே கிளம்பும்போதே காலியாக்கிப் போட்டுக்கொண்டு, வீடு திரும்பித்தான் எடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வைகாசியில் அம்மிச்சி ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றில் 20 அடித் தண்ணீர் கிடந்தது. எனக்கு இரண்டாம் நாள். காலை 9 மணிக்கு வீட்டிலேயே கப்பைக் கழுவிப் போட்டு, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, இரண்டு முறை இருமிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தோம். பழைய பம்ப் செட் மேடையிலிருந்து நானும் தங்கை மகளும் குதித்தோம். மதியம்வரை தண்ணீரிலேயே கிடந்தோம். வீட்டுக்கு வந்து 2 மணிக்குத்தான் கப்பை எடுத்தேன். 15 மில்லி கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றிருந்தது.